ஆள் இருக்கிற வெளிச்சம்

ஆள் இல்லாத வீட்டில் ஆள் இருப்பது போலக் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. விளக்கைப் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அந்த மலைச்சரிவு ஊருக்கு வந்து, சாவியக்காவோடு ஒரு வாரம் படியேறி இறங்கிவிட்டு அப்புறம் பேசட்டும். முதலில் சமையலறை விளக்கு. கொஞ்சம் பொறுத்து முன்கூடம். பாத்ரூம் விளக்கைப் போட்டுச் சற்று நேரத்தில் அணைத்துவிட வேண்டும், யார் வீட்டிலும் பாத்ரூமில் குடித்தனம் நடப்பதில்லை. கொடியில் நேற்றுக் கிடந்த சட்டை இன்றும் கிடக்கக் கூடாது. வாசல் செருப்பு ஜோடி சேர்ந்து ஒழுங்காக இருந்தால் கடையில் அடுக்கிய மாதிரி இருக்கும். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று தள்ளியும் கிடந்தால்தான், இப்போதுதான் யாரோ அவசரமாக உள்ளே போயிருக்கிறார்கள் என்று பார்ப்பவன் நம்புவான்.

இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து அவள் வருவதை அவளுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும். அதனால்தான் அவளுக்கு சாவியக்கா என்று பெயர். கொத்தில் இருக்கும் சாவிகளில் ஒன்றே ஒன்றுதான் அவள் வீட்டுச் சாவி. மற்றதெல்லாம் ஊரைவிட்டுப் போனவர்களின் வீடுகள்.

அவர்கள் ஒன்றும் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஏரியைப் பார்த்த சரிவு, படிக்கட்டுத் தெருக்கள், வண்ணக் கதவுகள் என்று யாரோ நாலு பேர் படம் எடுத்துப் போட்டார்கள். டூரிஸ்டுகள் வந்தார்கள். வந்தவர்களுக்குப் பின்னாலேயே பணம் வந்தது, பணத்துக்குப் பின்னாலேயே வாடகை ஏறியது. தையல்காரர் கடையைக் காலி செய்தார். ரொட்டிக்கடைக்காரர் போன இடத்தில் தொப்பி விற்கிறார்கள். வீடுகளை வாங்கிய புண்ணியவான்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஜன்னலைத் திறந்து, தும்மிவிட்டுப் போவார்கள். பகல் முழுக்க ஊர் கொள்ளாத கூட்டம். பொழுது சாய்ந்தால் ஈ காக்கை கிடையாது.

கடைசியில் டூரிஸ்டுகளே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஊர் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் மனுஷ வாடையே இல்லையே என்றார்கள். சுற்றுலா அலுவலகத்து மேனேஜர் சின்ன வயசு, நல்ல பிள்ளை, எதற்கும் ஒரு திட்டம் வைத்திருப்பார். 'உயிரோட்டம்' என்று பெயர் சூட்டி, பூட்டிய வீடுகளில் எல்லாம் விளக்குப் போட்டு, படிக்கட்டின் அடியில் ஒரு இரும்புப் பெட்டி வைத்து, அதற்குள் டைமரைப் பொருத்தினார். முதல் நாள் சாயங்காலம் அத்தனை வீட்டிலும் ஒரே நொடியில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. எதிர்க்கரையில் நின்றிருந்த டூரிஸ்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு வீடாகப் போய், மனுஷர்கள் போடுவது போல முன்னே பின்னே விளக்குப் போட ஒரு ஆள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. டைமரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெட்டியும் அதிலிருந்த மெயின் சுவிட்சும் அங்கேயே இருந்தன.

இருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, இருப்பது போலக் காட்டச் சம்பளத்துக்கு ஆள் வைத்த கூத்தை எங்கே போய்ச் சொல்வது? சாவியக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. மேனேஜரும் மற்ற சிப்பந்திகளும் மலைக்குப் பின்பக்கம் குடியிருந்தார்கள். ஏரியைப் பார்த்த அந்தச் சரிவு முழுவதிலும் உண்மையாகவே சோறு பொங்கித் தின்றுவிட்டுப் படுக்கிற ஜீவன் அவள் ஒருத்திதான். ஊரெல்லாம் விளக்குப் போட்டுவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்கு வருவாள். அது இருட்டாகக் கிடக்கும்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. அம்மா அப்பா போன பிறகு, தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்காமல் அவளைப் படிக்கவைத்து, நகரத்தில் கட்டிக்கொடுத்தாள். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். தங்கை தினம் போன் செய்வாள், ஊர்க்கதை கேட்பாள். ஊர்க்கதை என்றால் அவளுக்கு உயிர்.

முதலில் அக்காவுக்குச் சொல்ல மனசு வரவில்லை. தையல்காரர் வீட்டில் என்ன விசேஷம் என்று தங்கை கேட்டபோது, அவர் போய்விட்டார் என்று சொல்லாமல், "மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகலடி" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பக்கம் தங்கை சிரித்த சிரிப்பைக் கேட்டு அன்றைக்கு இவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மறுநாள் சண்டை பெரிதானது. அடுத்த மாதம் மருமகள் தனிக்குடித்தனம் போய்த் திரும்பி வந்தாள். ரொட்டிக்கடைக்காரர் மகன் இரண்டாவது முறையும் பரீட்சையில் கோட்டைவிட்டான். வாய் கூசாமல் சொல்லிக்கொண்டே போனாள். காலியான ஊரைத் தன் வாயாலேயே திரும்பக் குடிவைத்தாள். சாயங்காலம் கையால் செய்த வேலையை ராத்திரி வாயால் செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பொய்தான் ஒருநாள் அவள் கழுத்தைப் பிடித்தது.

"அக்கா, எனக்கு இங்க முடியலக்கா" என்றாள் தங்கை. "அவரும் ஊர்ல இல்ல. பாப்பாவுக்கு இழுப்பு வந்தா எதிர் ஃப்ளாட்டுக் கதவைத் தட்டக்கூட பயமா இருக்கு. யாருன்னே தெரியாது. அங்கயே வந்துடட்டுமா?"

சாவியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளும் குழந்தையும் இங்கே, இந்த வீட்டில். சாயங்காலம் திரும்பி வரும்போது இந்த ஜன்னலில் விளக்கு.

"இதெல்லாம் கேக்கணுமாடி? உன் வீடு. வாடி."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நர்ஸம்மா இன்னும் ரெண்டு வீடு தள்ளித்தானே இருக்காங்க? அவங்க இருந்தா எனக்கு தைரியம்க்கா."

நர்ஸம்மா வீட்டை விற்றுவிட்டுத் தன் மகனோடு போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தங்கை வரமாட்டாள்.

"அவங்க எங்கடி போகப் போறாங்க?" என்றாள் சாவியக்கா.

வந்தார்கள். குழந்தைக்கு நாலு வயசு, வாலு என்றுதான் கூப்பிடுவார்கள், பெயருக்கு ஏற்ற சேட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ சாவியும் உன் வீடா பெரியம்மா?" என்று கேட்டது. சாவியக்கா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

பகலில் பிரச்சினையே இல்லை. படிக்கட்டெல்லாம் கூட்டம். தையல்காரர் கதவு பூட்டியிருந்தது, கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். ரொட்டிக்கடையில் தொப்பி விற்றது, மகன் புதுத் தொழில் தொடங்கியிருக்கிறான் என்றாள். சாயங்காலம்தான் அவள் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாள். டூரிஸ்டுகளுக்காகச் செய்தபோது இத்தனை அக்கறை இருந்ததில்லை. நர்ஸம்மா வீட்டுக் கொடியில் வெள்ளை உடுப்பு ஒன்றைத் தொங்கவிட்டாள். உள்ளே ரேடியோவைச் சன்னமாகப் பாடவிட்டாள். வாசலில் பழைய செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டு, ஒன்றைக் காலால் தள்ளிவிட்டாள். தங்கையிடம் அலுவலகத்தில் தெருவிளக்குப் பொறுப்பு என்று சொல்லியிருந்தாள். பொய்யிலும் பாதி உண்மையாகச் சொன்னால் நாக்கு குழறாது என்று அவளுக்கு அனுபவத்தில் தெரியும்.

வேலை முடிந்து திரும்பும்போது தன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. அவள் போடாத விளக்கு. படியிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையாக வந்தது.

உள்ளே தங்கை ஜன்னலோரம் நின்றிருந்தாள். "எல்லாரும் அப்படியேதான் இருக்காங்கக்கா" என்றாள். "தையல்காரர் வீட்டுல பாரு, கல்யாணத்துலேர்ந்து வந்துட்டாங்க போல. சமையக்கட்டுல லைட் எரியுது. நான்தான் பைத்தியக்காரி, அந்தக் குருவிக்கூட்டுல கெடந்து இத்தனை வருஷம் வீணாக்கிட்டேன்."

"நர்ஸம்மாவைப் பாத்துட்டு வரட்டுமா?" என்று அவளே கேட்டாள்.

"இப்ப வேணாம். டியூட்டி முடிஞ்சு அசந்து வந்திருப்பாங்க."

"ரேடியோ பாடுதே?"

"ரேடியோ கேட்டாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும்."

அன்றைக்குத் தங்கை கப்பலுக்கு போன் செய்து, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று புருஷனிடம் சொன்னாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சாவியக்கா குழாயை மூடிவிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் சத்தம் போட்டுவிடுவோமோ என்று பயம். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சாமான்கள் வந்து சேரட்டும், குழந்தையைப் பின்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்வாள், நாலு நாள் பேசமாட்டாள். அதற்கென்று போய்விடுவாளா?

மூன்றாவது நாள் சாயங்காலம் அவள் உச்சித் தெருவில் இருந்தாள். பக்கத்துப் பார்வைமேடையில் கடைசி பஸ்ஸுக்கு முந்தின கூட்டம் நெரிந்தது. கீழே விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிய, ஆளாளுக்கு போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவளுடைய போன் கீழே விளக்குப் போட்ட ஏதோ ஒரு வீட்டு அடுப்படியில் அவள் மறந்து வைத்த இடத்தில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

இந்த ஊரில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே நர்ஸம்மா வீட்டு வாசலில் தங்கை. தோளில் குழந்தை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவை அடித்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா! நர்ஸம்மா, கதவைத் தொறங்க! பாப்பாவுக்கு மூச்சு விட முடியல!"

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. கொடியில் வெள்ளை உடுப்பு ஆடிக்கொண்டிருந்தது.

சாவியக்கா ஓடினாள். மேடையிலிருந்து இறங்கும் படி முழுவதும் ஆள். "வழி விடுங்க! வழி!" என்று கத்தினாள். படம் எடுப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து, அவள் போனதும் பழையபடி சேர்ந்துகொண்டார்கள். அதற்குள் தங்கை அடுத்த வீட்டுக்கு ஓடியிருந்தாள். அங்கும் விளக்கு எரிந்தது, அங்கும் செருப்பு கிடந்தது. தட்டினாள். தையல்காரர் வீட்டுக்கு ஓடினாள். "அண்ணா! அண்ணே, யாராவது வாங்களேன்!" விளக்கெரியும் ஒரு வீடு விடாமல் தட்டிக்கொண்டே போனாள். மேலிருந்து ஓடி வருகிற அக்காவுக்கு ஒவ்வொரு தட்டும் தன் நெஞ்சில் விழுந்தது. இல்லடி, அங்க யாரும் இல்லடி என்று கத்தப் பார்த்தாள்.

"ஏதோ நாடகம் போடறாங்க போல" என்று மேடையில் ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பார்ப்பதற்குத்தானே எல்லாம் அங்கே வைத்திருந்தது.

சாவியக்கா போய்ச் சேர்ந்தபோது தங்கை படியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. நெஞ்சு குழிந்து குழிந்து எழும்பியது. "இன்ஹேலர் எங்கடி?" என்று அலறினாள்.

"காலிக்கா. கெளம்பறப்பவே தீந்துபோச்சு. நர்ஸம்மா இருக்காங்களேன்னு நான் புதுசு வாங்கலக்கா. யாருமே தொறக்க மாட்டேங்கறாங்களே, இந்த ஊருக்கு என்னக்கா ஆச்சு?"

சாவியக்கா கொத்தைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் அத்தனை சாவி. எந்தக் கதவை வேண்டுமானாலும் அவளால் திறக்க முடியும். எதைத் திறந்து என்ன செய்ய?

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். தொப்பியும் தோள்பையுமாக வந்த டூரிஸ்டுதான். பையைப் படியில் கவிழ்த்து, தன் இன்ஹேலரை எடுத்தாள். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த காகிதக் கப்பைப் பிடுங்கி, மிச்சக் காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டு அதில் இன்ஹேலரைச் செருகினாள். குழந்தையின் மூக்கும் வாயும் மறைய கப்பை வைத்து அழுத்தினாள்.

"எனக்கும் சின்ன வயசுலேர்ந்து இருக்கு" என்றாள். "மெதுவா கண்ணு. மெதுவா இழு. பஸ் டிரைவரைக் கூப்பிடுங்க யாராவது. ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

எதிர்க்கரையில்தான் ஆஸ்பத்திரி. டூரிஸ்டுகளை இறக்கிவிட்டு, டிரைவர் பஸ்ஸை அவர்களுக்காகவே ஓட்டிக்கொண்டு போனார். ஏரியைச் சுற்றிப் போகிற வழி முழுக்க அந்தப் பெண் கப்பைப் பிடித்தபடி கூடவே வந்தாள். போய்ச் சேர்ந்து, குழந்தையின் முகத்தில் மருந்துப் புகைக் குழாயை வைத்து, உதட்டில் நிறம் திரும்பிய பிறகுதான் இருவருக்கும் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர் தெரிந்தது. சரிவு முழுக்க விளக்கு. தங்கை அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நர்ஸம்மா எப்ப போனாங்க?"

"போன வருஷம்."

"அப்ப அந்த லைட்டு?"

"நான்தான் போட்டேன்."

"தையல்காரர் வீட்டுல?"

சாவியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாமியார் மருமக சண்டை?"

"நீ சிரிப்பேன்னு சொன்னேன்டி."

தங்கை கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "எம்புள்ள செத்துருக்கும்க்கா" என்றாள். "நான் போய் யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிட்டு நின்னேன். அந்த நேரத்துக்கு ரோட்டுக்கு ஓடியிருந்தா ஒரு வண்டி கெடச்சிருக்கும்."

"நீ வரணும்னுதான்டி. வேற எதுக்கும் இல்ல. ஒத்தையில முடியலடி எனக்கு."

தங்கை திரும்பி, குழந்தை படுத்திருந்த அறைக்குள் போனாள்.

மறுநாள் மத்தியானம் டாக்டர் குழந்தையை விட்டார். வீட்டுக்கு வந்து, தங்கை பெட்டியைக் கட்டினாள். சாவியக்கா துணிகளை மடித்துக் கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரு என்று சொல்லும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மடித்த ஃப்ராக்கை இரண்டு முறை பிரித்து மறுபடி மடித்தாள். நேரம் போய் பஸ் தவறிவிடாதா என்று ஒரு நப்பாசை. பஸ் தவறவில்லை. கடைசி பஸ்ஸில், டூரிஸ்டுகளுக்கு நடுவே, இருவரும் ஏறினார்கள். தங்கை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். குழந்தை மட்டும் கை ஆட்டியது.

பஸ் கிளம்பும் முன்பே மேனேஜர் வந்துவிட்டார். குழந்தையைப் பற்றி உண்மையான கவலையோடுதான் விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுக் கொடியில குழந்தைத் துணி கெடந்ததே, படத்துல அவ்ளோ நல்லா வந்திருக்கு. ஒண்ணு ரெண்டு அப்படியே விட்டு வைங்களேன். இன்னைக்கு லைட்டு கொஞ்சம் சீக்கிரம் போட்டுடுங்க. பஸ் எதிர்க்கரைல நிக்கறப்போ முழுசாத் தெரியணும்."

எதிர்க்கரையில் கடைசி பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். டூரிஸ்டுகள் இறங்கி, விளக்கெரியும் ஊரைப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதுதான் பயணத்தின் கடைசி வேடிக்கை. அந்த நிறுத்தம் தாண்டி வளைவு திரும்பினால் போனில் சிக்னல் கிடையாது.

சாவியக்கா விளக்குப் போட்டாள். சமையலறை, முன்கூடம், பாத்ரூம். உடம்பு தானாக வேலை செய்தது. நர்ஸம்மா வீட்டு வாசலில் நின்றாள். கதவில் தங்கை அடித்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை, மரம்தான். உள்ளே போய் அங்கேயும் விளக்கைப் போட்டாள். எல்லாம் முடிந்து படியடிக்கு வந்து நின்றபோது போன் அடித்தது.

"பெரியம்மா!" குழந்தையின் குரல் இன்னும் கரகரத்தது. "நாங்க எறங்கி நிக்கறோம். நம்ம வீடு எதுன்னு தெரியல. அம்மாவைக் கேட்டா அழுவுது. எல்லா வீட்டுலயும் லைட்டு. நம்ம வீடு எது பெரியம்மா?"

சாவியக்கா வாயைத் திறந்தாள். நாலாவது வரிசை, இடது பக்கம் என்று சொன்னால் நாலு வயசுக்கு என்ன புரியும்? பஸ் கிளம்பிவிடும். இந்தக் குழந்தை இனி இங்கே வரப்போவதில்லை. போகிற நேரத்தில் பெரியம்மா வீட்டைத் தேடிக்கொண்டு அங்கே நிற்கிறது. அதன் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்பதெல்லாம் அவள் கையால் போட்ட விளக்கு.

பக்கத்திலேயே அந்த இரும்புப் பெட்டி இருந்தது. அதில் பூட்டு. சாவி அவளிடம்தான்.

"கண்ணு, பாத்துக்கிட்டே இரு. கண்ணை எடுக்காதே" என்றாள். பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சை இறக்கினாள்.

சரிவு முழுவதும் ஒரே நொடியில் அணைந்தது. போனுக்குள், எதிர்க்கரையில் நின்ற கூட்டத்திலிருந்து ஐயோ என்று ஒரு சத்தம் எழுந்தது.

"எல்லாம் போயிடுச்சு பெரியம்மா!"

எல்லாம் போய்விட்டது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அவள் வீட்டு விளக்கு அந்தப் பெட்டியோடு சேர்ந்தது இல்லை. அது தனியாக எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. ஊரெல்லாம் விளக்குப் போட்டவள் வழக்கம்போலத் தன் வீட்டை இருட்டாக விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"இரு கண்ணு! போகாதே! பஸ்ஸை நிக்கச் சொல்லு!"

இருட்டில் படியேறி ஓடினாள். கால் இடறி முட்டி கிழிந்தது. போனில் டிரைவர் ஹார்ன் அடிப்பது கேட்டது, ஏறுங்க ஏறுங்க என்று யாரோ சொல்வது கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிற சாவி அன்றைக்குக் கைக்கு அகப்படவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். தையல்காரர் சாவி. ரொட்டிக்கடைக்காரர் சாவி. நர்ஸம்மா சாவி. "இருடா தங்கம், இரு, வந்துட்டேன்" என்று போனிடம் கெஞ்சினாள். கதவு திறந்தது. சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டாள். ஜன்னல் கதவுகளை இழுத்துத் திறந்து, விளக்குக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

போனுக்குள் ஹார்ன் மறுபடி அடித்தது.

"தெரியுது! தெரியுது பெரியம்மா! நீ கை ஆட்டறியா? லைட்டு ஆடுது!" குழந்தைக்குச் சிரிப்பிலேயே இருமல் வந்தது. "ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு பெரியம்மா!"

போன் கைமாறியது. தங்கை மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அவளும் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மலை முழுக்க இருட்டு, அதன் நடுவில் ஒரு ஜன்னல்.

"அக்கா" என்றாள். "மொத்தமே இவ்ளோதானா?"

"ஆமாடி" என்றாள் சாவியக்கா. "நான் ஒருத்திதான்டி."

தங்கை ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் அவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் வளைவு திரும்பியது, சிக்னல் போய்ச் சத்தம் நின்றுபோனது. உடனே போன் மறுபடி அடித்தது, மேனேஜர். எடுக்கவில்லை. எதிர்க்கரையில் பஸ்ஸின் பின்விளக்கு மரங்களுக்கிடையே கொஞ்ச தூரம் தெரிந்து மறைந்தது. அதற்கு அப்புறமும் அவள் ஜன்னலில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.